வரிசைப்படி பதில் அனுப்பப்படும்

பிப்ரவரி 4

அன்பு அக்கா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இருக்கிற பிரேக்கையும் இல்லாத பிரேக்கையும் மிதித்துக்கொண்டே இருந்தால் வேறென்ன ஆகும்? டிரைவிங் ஸ்கூல் வைத்தவனுக்கு அதுதான் தலைவிதி. உன் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா, அதற்கும் யாராவது மனு கொடுக்க வேண்டுமா?

தபாலில் எழுதியிருக்கிறானே என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உனக்கு மெயில் அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. பெட்டி நிரம்பிவிட்டதாம். ஜனவரி 9-ம் தேதி அனுப்பியது மட்டும் திரும்பி வரவில்லை. கிளம்பிய பஸ்ஸில் கடைசியாகத் தொற்றிக்கொண்ட ஆள் மாதிரி அது எப்படியோ உள்ளே ஏறிவிட்டது.

அதற்குத்தான் பதில் வேண்டும், அக்கா. போனில் கேட்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நான் சின்ன வயதில் உடைத்த கடிகாரத்துக்கு வந்துவிடுகிறாய். ஸ்கூல் நடக்கிற இடத்தின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. புதுப்பிப்பதா, இல்லை மூடிவிட்டு நாம் பேசிவைத்தபடி உன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேருவதா என்பது உன் பதிலில்தான் இருக்கிறது. விஷயம் ரிவர்ஸ் சம்பந்தப்பட்டது. ஒரு தடவை எழுதுவதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. இன்னொரு தடவை எழுத வைக்காதே.

தபால்காரருக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும்,
உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

பிரஷர் அது பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ சொன்ன பிறகுதான் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தேன். பதினோராயிரத்துச் சொச்சம். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, மேஜையில் ஒரு காகிதம் தங்கவிடாதவள் என்று பெயர் வாங்கிய என் வீட்டில் இப்படி ஒரு குப்பை. நேற்றே சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

நம் பிரிவின் முறை உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதானே நீ வீட்டுப்பாடம் எழுதினாய். பதில் போடாமல் எதையும் தூக்கிப் போடக் கூடாது. பழையது முதலில், புதியது பிறகு. கையால் எழுதிய காகிதப் புகார் என்றால் மட்டும் வரிசைக்கு வெளியே ஏழு வேலை நாளில் பதில். மற்றதெல்லாம் வரிசைப்படிதான். ஆகவே அடி மெயிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதி, எழுதியதை அழித்துக்கொண்டு வருகிறேன். முதலில் ஒரு செருப்புக் கடை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தள்ளுபடி அறிவித்திருந்தார்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இப்போதைக்குச் செருப்புத் தேவையில்லை என்று தெரிவித்தேன்.

உன்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, அதாவது கடைசியில். தம்பி என்பதற்காக வரிசையைத் தாண்டவிட்டால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? ரிவர்ஸ் கியர் மக்கர் பண்ணினால் மெக்கானிக்கிடம் காட்டு. அதற்கெல்லாம் அக்காவைக் கேட்கிற வயதா உனக்கு?

ஆசிகளோடும் கண்வலியோடும்,
அக்கா


மார்ச் 1

அக்கா,

கண்வலி என்று எழுதியிருந்தாய். சொட்டு மருந்து விட்டுக்கொள். முழங்கால் அப்படியே இருக்கிறது.

விளம்பரத்துக்கெல்லாம் யாரும் பதில் எழுத மாட்டார்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலீட் என்று ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. தட்டுவதற்கு முன்னால் மேலே இருக்கிற என் மெயிலை மட்டும் படி.

ரிவர்ஸ் என்பது கியர் இல்லை. ஒரு பெண். ஸ்கூலில் எல்லோரும் வைத்த பெயர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. குழந்தைகள்கூட அழாது, அப்படி ஒரு கை. அதே கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் வெடவெடவென்று ஆடும். முன்னால் எடுக்கச் சொன்னால் பின்னால் எடுப்பாள். ஆனால் பின்னால் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முட்டுச்சந்திலிருந்து ஒரே மூச்சில் வெளியே கொண்டுவந்து நிறுத்துவாள். நான்கு தடவை டெஸ்ட்டில் தோற்றாயிற்று. நான்காவது தடவை தோற்றுவிட்டு வந்து, "சரி, நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?" என்று கேட்டாள். அந்த நிமிஷம்தான், அக்கா. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். அவள் வேலையும் என் ஸ்கூலும் இங்கே. செய்துகொண்டால் இங்கேயேதான் இருக்க வேண்டும். நீ ரிட்டயர் ஆனதும் வந்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவன் நான். அதனால்தான் கேட்கிறேன். அவளிடம் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உன் சொல் வராமல் கேட்க மாட்டேன். ஆனால் எதற்குக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பார், இப்போது காகிதத்திலேயே எழுதிவிட்டேன். ஏழு வேலை நாள்.

தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நலம்தான். சொட்டு மருந்து கசக்கிறது. கண்ணில் விட்டால் தொண்டையில் ஏன் கசக்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

நீ எழுதியிருக்கும் விஷயம் ஏற்கெனவே மெயிலில் வந்து வரிசையில் நிற்கிறது என்று நீயே சொல்கிறாய். ஒரே விஷயத்தை ஒரே ஆள் இரண்டு வழியில் அனுப்பினால் அது இரட்டைப் புகார். பின்னால் வந்ததை முன்னால் வந்ததோடு சேர்த்துக் கட்டி, முன்னதின் முறை வரும்போது பார்ப்பதுதான் வழக்கம். காகிதமானாலும் சரி. விதியை நான் எழுதவில்லை.

இங்கே வேலை தலைக்கு மேல். ஒன்றை அழித்தால் அந்த இடத்தில் இரண்டு வந்து உட்காருகிறது. நான் பதில் எழுத எழுத அவர்களும் எழுதுகிறார்கள். நீச்சல் பள்ளி ஒன்று என் ஆர்வத்தைப் பாராட்டி என்னைச் சேர்த்தே விட்டது. மெத்தைக் கம்பெனியில் ஒரு அம்மாள், பாவம், நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்து அவளுக்கு முதுகுவலியாம். இத்தனை வருஷத்தில் தன் விளம்பரத்துக்குப் பதில் எழுதிய முதல் ஆள் நான்தானாம். தினமும் எழுதுகிறாள்.

இன்னொரு ஆள் இருக்கிறார். 'பதில் அனுப்ப வேண்டாம்' என்று பெயர். பாங்கிலும் அவர்தான், மருந்துக் கடையிலும் அவர்தான், ரயில் டிக்கெட்டும் அவர்தான் அனுப்புகிறார். ஒரு மனுஷன் இத்தனை இடத்தில் வேலை பார்த்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அக்கறையாக நாலு வரி எழுதினேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இடம் மாறிவிட்டார் போலிருக்கிறது.

மாடி அறைக்கு வெளிர் பச்சை அடிக்கச் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டாயிற்று. உனக்குக் கொசு ஆகாதே.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நலமா என்று கேட்க மாட்டேன். இவ்வளவு சாமர்த்தியமாக எழுதுகிறவள் நலமாகத்தான் இருப்பாள்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அம்மா உன்னைச் சொன்னது சரிதான். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் கொசுவலையைப் பற்றி எழுதுகிறாய். மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்காதே. அடித்துவிட்டால் இரண்டாவது பூச்சு அடிக்காதே.

ரிவர்ஸ் ஐந்தாவது தடவையும் தோற்றாள். டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி கதவைத் திறந்து பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார். நான் ஆறுதல் சொல்லலாம் என்று போனால், அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'பதில் அனுப்ப வேண்டாம்' ஆளைப் பற்றிய இடத்தில் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். இரட்டைப் புகார் இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இப்போது எந்த வருஷத்துக்கு வந்திருக்கிறாய்? வரிசை எல்லாம் இருக்கட்டும். ஒரு வார்த்தை. சரி, இல்லை வேண்டாம். இரண்டில் ஒன்றை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வேன், நாலு நாள் சாப்பிடாமல் இருப்பேன், அப்புறம் வந்துவிடுவேன். ஆனால் இப்படி வாயைத் திறக்காமல் இருக்கிறாயே, அதுதான் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

தாமதத்துக்குக் காரணம் உடம்பு இல்லை, வேலைதான். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருப்பதாக எழுதியிருக்கிறாய், அந்தப் பேச்செல்லாம் வேண்டாம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை வந்துவிட்டேன். நடுவில் ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி மாட்டிக்கொண்டாள். கணவன் போய்விட்டானாம், பெட்டி நிறையத் தங்கம் வைத்துக்கொண்டு தவிக்கிறாளாம், என் உதவி வேண்டுமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. உதவுகிறேன், ஆனால் முறைப்படி மனு வர வேண்டும் என்று எழுதினேன். இறப்புச் சான்று, அடையாளச் சான்று, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, பெட்டியின் நீள அகலம் எல்லாம் கேட்டேன். நாலு தடவை பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பினேன். கடைசியில் 'அம்மா, தயவுசெய்து இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்' என்று வந்தது. அவள் அவள் இல்லை, அவன் போலிருக்கிறது.

மெத்தைக் கம்பெனி அம்மாள் நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒரு மெத்தையை அனுப்பியே விட்டாள். மாடிக்கு ஏற்றுவதற்குள் இரண்டு பேருக்கு மூச்சு வாங்கிவிட்டது. உன் அறையில்தான் போட்டிருக்கிறேன். ஒற்றை மெத்தை. அறைக்கு அதுதான் சரியாக இருக்கும்.

பச்சை நன்றாகக் காய்ந்துவிட்டது.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

இடத்துக்காரர் நேற்று நேரில் வந்து கேட்டார். ஜூனில் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரிவர்ஸிடமும், இனி கிளாசுக்கு வர வேண்டாம், வேறு ஸ்கூலில் சொல்லி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன். காரைப் பின்னால் எடுத்து, ஓரமாக நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவ்வளவு சுத்தமாக யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

அம்மா போன பிறகு உன் கல்யாணப் பேச்சையெல்லாம் எனக்காகத் தள்ளித் தள்ளி வைத்தவள் நீ. அதை நீ ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் என்னால் உன் பேச்சை மீற முடியாது. நீ பேசாமல் இருப்பதையும் மீற முடியவில்லை.

என் மெயிலை அழித்துவிடு. பதில் வேண்டாம்.

ஜூன் கடைசியில் வருகிறேன்.

தம்பி


மே 16

அனுப்புநர்: 'ரிவர்ஸ்'
பெறுநர்: புகார்ப் பிரிவு அலுவலர் (ஓய்வு) அவர்கள்

பொருள்: பயணியை நடுவழியில் இறக்கிவிட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் உடல்நிலைக்குக் குறையில்லை.

கடந்த ஒன்பதாம் தேதி மாலை, மேற்படி ஓட்டுநர், அதாவது தங்கள் தம்பி, பாதி வழி அழைத்து வந்த பயணியாகிய என்னை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இறக்கிவிட்டார். பயணி போக வேண்டிய இடம் வரவில்லை என்பது ஓட்டுநருக்குத் தெரியும். காரணம் கேட்டதற்கு, "அக்கா வரிசையில என் முறை இன்னும் வரல" என்று சொல்லி, சைடு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் கேட்கும் நிவாரணம் ஒரே ஒரு பதில். வேண்டாம் என்பதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். என் வேலையில் ஊசி போடும் முன் வலிக்காது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் சொல்வேன். கையை நீட்டச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பதுதான் தப்பு. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அதையும் அவரிடம் சொல்ல விடவில்லை.

காகிதப் புகாருக்கு ஏழு வேலை நாளில் பதில் என்பது தங்கள் பிரிவின் விதி என்று அவர் பெருமையாகச் சொல்வார். இது காகிதம். கையால் எழுதியிருக்கிறேன். என்னிடமிருந்து வரும் முதல் புகார் என்பதால் இது இரட்டைப் புகாரிலும் சேராது.

இப்படிக்கு,
புகார்தாரர்


மே 22

புகார்தாரர் அவர்களுக்கு,

தங்கள் புகார் கிடைத்தது. காலதாமதமின்றிப் பரிசீலிக்கப்பட்டது. புகாரில் கண்ட சம்பவம் உண்மை என்று தெரியவருகிறது. ஓட்டுநர் பேரில் தவறில்லை. சாலையின் குறுக்கே ஒரு கிழவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் வண்டி நிற்க வேண்டியதாயிற்று. நாற்காலி அகற்றப்பட்டது.

நீ நன்றாக இருக்கிறாயா, அம்மா? முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ புகார் படித்திருக்கிறேன். சில்லறை கொடுக்காத கண்டக்டரைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதுவார்கள். இவ்வளவு சுருக்கமாக, ஒரு வார்த்தை கூடக் குறையாமல் எழுதியவர் யாரும் இல்லை. எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்குமா என்று மூன்று தடவை படித்தேன். கிடைக்கவில்லை. விதியைப் படித்துவிட்டு வந்து என்னையே மடக்கிவிட்டாய். இந்த மாதிரி ஒரு ஆள் அவனுக்குத் தேவைதான். தனியாக விட்டால் ஊர் முழுக்க வழிவிட்டுக்கொண்டு அவன் மட்டும் ஓரத்தில் நிற்பான்.

ஓட்டுநருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மேற்படி பயணத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு வேண்டுகோள். நான் அங்கே வரும்போது என்னை முன் சீட்டில் உட்கார வைக்காதே.

அன்புடன்,
அக்கா


மே 22

டேய் தம்பி,

முதலில் சாப்பிடு. பிறகு இதைப் படி.

உன் மெயிலை ஜனவரி 9-ம் தேதியே படித்துவிட்டேன். வந்த கொஞ்ச நேரத்திலேயே. ரிவர்ஸ் என்பது கியர் இல்லை என்று அப்போதே தெரியும். படித்துவிட்டு இன்பாக்ஸை மூடினேன், பிப்ரவரியில் உன் கடிதம் வந்த பிறகுதான் திறந்தேன். அதற்கப்புறம் செருப்புக் கடைக்கும் நீச்சல் பள்ளிக்கும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபீசில் ஒரு விஷயம் யாருக்கும் சொல்ல மாட்டோம். நியாயமில்லாத புகாருக்கு இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடலாம். கட்டுக்கு அடியில் செருகிச் செருகி வைப்பது நியாயமான புகாரைத்தான். அதற்கு என்ன பதில் எழுதினாலும் நம் பக்கம் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்குப் பயமாக இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை வீட்டில் ஆள் இல்லாதது தெரியவில்லை. இப்போது காலையில் காபி போட்டால் ஒரு டம்ளர் மட்டும் போட வராமல் எப்போதும் கூடுதலாகவே போட்டுவிடுகிறேன். நீ வந்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டே கடைசி இரண்டு வருஷத்தை ஓட்டினேன். ஆனால் இந்தப் பயம் என் புகார். உன் பேரில் அதைப் பதிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. உனக்காக நான் எதையும் தள்ளி வைக்கவில்லை. வந்த மாப்பிள்ளைகள் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பாதியாவது உண்மை.

இன்று காலை நீ சொன்னபடி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு தட்டினேன். பதில் போடாமல் அழிப்பது இதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. மெத்தை அம்மாளிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருகிறாளாம், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

உன் மெயில் ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. அதற்குப் பதில் இது. சரி. இடத்துக்காரரைப் போய்ப் பார், ஒப்பந்தத்தைப் புதுப்பி. அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே போய்க் கேள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்காதே. நாள் முடிவானதும் எனக்குத் தெரியப்படுத்து. தபால் வேண்டாம், தாமதமாகும். மெயிலிலேயே எழுது. இடம் இருக்கிறது.

அக்கா